பண்பாட்டுச் சுற்றுலாவில் சிறப்பை அங்கீகரித்தல்: சோழர் பெருங்கோயில்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பண்பாட்டுச் சுற்றுலாவில் எது சிறப்பானது என்பதை இன்று உலகளாவிய பட்டியல்களும் விருதுகளும் வருகையாளர் எண்ணிக்கையும் தீர்மானிக்கின்றன. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை அளவிடுகின்றன. ஆயினும் நடைமுறையில் இவை அனைத்தும் ஒரே பொருளுடையனவாகவே எடுத்தாளப்படுகின்றன. இவ்வளவுகோல்களின் இயல்பையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஆற்றுப்படை, பாடல் பெற்ற தலம் என்னும் தமிழ் மரபு வகைமைகளும் இடங்களின் சிறப்பை ஏற்றுரைக்கும் முறைகளே என்பதை எடுத்துக்காட்டி, அவற்றோடு இன்றைய அளவுகோல்களை ஒப்பிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு, மரபைத் தாங்கும் மனிதரையும் கணக்கில் கொள்ளும் அங்கீகாரமே முழுமையானது என்னும் முடிவை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்

பண்பாட்டுச் சுற்றுலா, அங்கீகாரம், உலக மரபுச் சின்னம், ஆற்றுப்படை, பாடல் பெற்ற தலம், வாழும் மரபு, பெரிய கோயில் கல்வெட்டுகள்.

முன்னுரை

ஓர் ஊரையோ கோயிலையோ கலையையோ 'சிறந்தது' என்று கூறும்போது, யாருடைய எந்தச் சிறப்பு அங்கே சுட்டப்படுகிறது என்னும் வினா எழுகிறது. கட்டடத்தை எழுப்பியவரின் கலைத்திறன், அதனை இன்று பேணுவோரின் உழைப்பு, வருவோரை வரவேற்கும் ஊராரின் பண்பு, அவ்விடத்தில் தலைமுறைகளாகப் பாடியும் ஆடியும் செதுக்கியும் வருவோரின் மரபறிவு ஆகிய நான்கும் தனித்தனியே மதிப்பிடத்தக்கவை. இவற்றுள் முதல் மூன்றுக்கும் இன்று அளவுகோல்கள் உள்ளன. நான்காவது பெரும்பாலும் விளம்பரப் படமாக நின்றுவிடுகிறது. அங்கீகாரத்தைத் தொடர்ந்து நிதியும் கவனமும் பயணியரும் வருவதால், அளவுகோலில் இடம்பெறாதது காலப்போக்கில் களத்திலும் இடமிழக்கும். எனவே இவ்வினா சொல்லாராய்ச்சி அளவில் நிற்பதன்று. சில மரபுகளின் இருப்பையே தொடுவது.

சுற்றுலாவியலும் மேலாண்மையியலும் இப்பொருளைத் தத்தம் நோக்கில் ஆராய்ந்து வருகின்றன. தமிழியல் நோக்கில் இதனை அணுகுவதற்கு இரு காரணங்கள் உள்ளன. இடங்களை மதிப்பிட்டு வரிசைப்படுத்தும் நெடிய மரபு தமிழுக்கு உண்டு என்பது ஒன்று. இன்று உலக அளவில் அங்கீகாரம் பெற்றுள்ள தமிழ்நாட்டுச் சின்னங்களின் பொருளைத் திறக்கும் சான்றுகளுள் பெரும்பகுதி தமிழ்க் கல்வெட்டுகளாகவும் இலக்கியங்களாகவும் இருப்பது மற்றொன்று.

இன்றைய அங்கீகார வகைகள்

யுனெஸ்கோ 1972ஆம் ஆண்டு ஏற்ற உலக மரபு உடன்படிக்கை இவ்வகைகளுள் முதன்மையானது. இந்தியா இதில் 1977இல் இணைந்தது. தமிழ்நாட்டில் மாமல்லபுரச் சின்னங்கள் 1984இலும், தஞ்சைப் பெரிய கோயில் 1987இலும் பட்டியலில் இடம்பெற்றன. கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஆகிய ஊர்களின் சோழர் கோயில்கள் 2004இல் தஞ்சைக் கோயிலோடு சேர்க்கப்பட்டன. நீலகிரி மலை இரயில் பாதை 2005இலும், மராத்தியர் கோட்டைத் தொகுதியின் ஓர் உறுப்பாகச் செஞ்சிக் கோட்டை 2025இலும் இடம்பெற்றன. திருவரங்கம் கோயிலும் செட்டிநாட்டு ஊர்த் தொகுதியும் 2014 முதல் இந்தியாவின் தற்காலிகப் பட்டியலில் உள்ளன.

இப்பட்டியல் சுற்றுலாவுக்கான விருது அன்று என்பதை இங்குத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஒரு சின்னம் மானுட இனம் முழுமைக்கும் உரிய தனிப்பெரும் மதிப்புடையது என்பதை ஏற்பதும், அதனைப் பேணும் கடமையை உரிய நாட்டின்மேல் வைப்பதுமே அதன் நோக்கம். எனினும் பட்டியலில் இடம்பெற்ற மறுநாளே அச்சின்னம் சுற்றுலா விளம்பரத்தின் முகப்பாகிவிடுகிறது. பாதுகாப்புக்கான உறுதிமொழி இவ்வாறு பயணியருக்கான அழைப்பிதழாகப் பொருள் மாறுகிறது.

இரண்டாவது வகை, பேணும் பணியை மதிப்பிடுவது. யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதுகள் 2000 முதல் வழங்கப்படுகின்றன. திருச்சூர் வடக்குநாதர் கோயில் 2015இலும், திருவரங்கம் அரங்கநாதர் கோயில் 2017இலும் இவ்விருது வரிசையில் இடம்பெற்றன. இங்கு மதிப்பிடப்பட்டது கோயிலின் தொன்மை அன்று. மரபுமுறை வழுவாது செய்யப்பட்ட திருப்பணி. ஆகவே இவ்விருதில் சிற்பியரின் கைத்திறனுக்கும் உள்ளூர் மக்களின் பங்களிப்புக்கும் இடமுண்டு.

மூன்றாவது வகை, கைவினையையும் ஊரையும் சார்ந்தது. சுவாமிமலைப் படிமங்கள், தஞ்சாவூர் ஓவியம், தஞ்சாவூர் வீணை முதலியன புவிசார் குறியீடு பெற்றுள்ளன. கற்சிற்பக் கலைக்காக மாமல்லபுரம் உலகக் கைவினைக் குழுமத்தால் உலகக் கைவினை நகரமாக ஏற்கப்பட்டுள்ளது. ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுலா அமைப்பு 2021இல் தொடங்கிய சிறந்த சுற்றுலாக் கிராமங்கள் திட்டத்தில் தெலங்கானாவின் நெசவுச் சிற்றூரான போச்சம்பள்ளி முதல் ஆண்டிலேயே தேர்வுபெற்றது. பண்பாட்டு வளத்தோடு சமூக, பொருளாதார, சூழலியல் நிலைப்பேற்றையும் ஊராட்சி முறையையும் அத்திட்டம் கணக்கில் கொள்கிறது. ஊராரின் வாழ்வைத் தனி அளவுகோலாகக் கொண்டமை இதன் சிறப்பு.

எண்ணிக்கை என்னும் அளவுகோல்

மேற்கூறிய மூன்றனுக்கும் அப்பால், பொதுவெளியில் மிகுந்த செல்வாக்குடைய அளவுகோல் வருகையாளர் எண்ணிக்கை. இந்திய அரசின் சுற்றுலாப் புள்ளிவிவரம் 2022இன்படி, 2021–22ஆம் ஆண்டில் கட்டணம் பெறும் தொல்லியல் சின்னங்களுள் வெளிநாட்டவர் மிகுதியாகக் கண்டது மாமல்லபுரம். ஏறத்தாழ 1.45 லட்சம் வெளிநாட்டவர் அங்கு வந்திருந்தனர். அவ்வாண்டில் தாஜ்மகாலைக் கண்ட வெளிநாட்டவர் ஏறத்தாழ 39 ஆயிரம் பேர். 'தாஜ்மகாலை விஞ்சிய மாமல்லபுரம்' என இச்செய்தி பெருமிதத்தோடு பேசப்பட்டது.

அவ்வாண்டு பெருந்தொற்றுக் காலத்தைச் சேர்ந்தது. பன்னாட்டு வான்வழிப் போக்குவரத்து முடங்கியிருந்த சூழலில் வழக்கமான ஒப்பீடு பொருந்தாது. அதனினும் அடிப்படையான செய்தி, எண்ணிக்கை உயர்ந்ததால் பல்லவச் சிற்பத்தின் சிறப்பு உயரவில்லை. முந்தைய ஆண்டுகளில் அது குறைந்தும் இருக்கவில்லை என்பதே. நுழைவுச்சீட்டு, வந்தவர் எத்துணையர் என்பதைக் கூறும். அவர் எதை உணர்ந்து சென்றார், அவ்வருகையால் உளி பிடித்த கைகளுக்கு என்ன சேர்ந்தது என்பவற்றைக் கூறாது. எண்ணிக்கையை நிருவாகத் தேவைக்கான தரவாகக் கொள்வதே தகும். சிறப்பின் சான்றாகக் கொள்வது பிழை.

தமிழ் மரபில் இடச்சிறப்பை ஏற்றுரைத்தல்

பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாக அமைந்துள்ளன. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையுற்று எதிர்வரும் கலைஞனை வள்ளலிடம் வழிப்படுத்தல் என்பது அவற்றின் பொது அமைப்பு. தொல்காப்பியம் புறத்திணையியலில் கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோரைச் சுட்டி இத்துறைக்கு இலக்கணம் கூறுகிறது. முருகாற்றுப்படை இவ்வமைப்பை இறைவனிடம் ஆற்றுப்படுத்துவதாக மாற்றிக்கொள்கிறது.

அங்கீகாரம் என்னும் நோக்கில் இவ்வமைப்பில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, சென்று கண்டவனே சான்றுரைக்கிறான். இரண்டாவது, இலக்கிடம் மட்டுமன்றி வழியும் மதிப்பிடப்படுகிறது. இடைப்பட்ட நிலங்களில் வாழ்வோர், அவர்கள் அளிக்கும் உணவு, அவர்களது விருந்தோம்பல் ஆகியன விரிவாகப் பேசப்படுகின்றன. மலைபடுகடாம் மலைவழியின் இடர்களையும் மறையாது கூறி எச்சரிக்கிறது. மூன்றாவது, உரைப்பவனும் கேட்பவனும் கலைஞர்களே. ஓரிடம் சிறந்தது என்பதற்கு அங்குக் கலைஞன் மதிக்கப்பட்டான் என்பதே அடிப்படைச் சான்றாகிறது.

எனினும் ஆற்றுப்படையை நடுநிலையான மதிப்பீடாகக் கொள்ள இயலாது. பரிசில் பெற்றவன் வள்ளலைப் புகழ்தல் அதன் இயல்பு. எனவே ஆற்றுப்படையிலிருந்து நாம் கொள்ளத்தக்கது எதனைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்னும் பார்வை. அதன் முடிவுகள் அல்ல.

பக்தி இயக்கக் காலத்தில் இடச்சிறப்பு வேறொரு வடிவம் பெற்றது. மூவர் பதிகம் பெற்ற ஊர்கள் பாடல் பெற்ற தலங்கள் எனவும், ஆழ்வார் பாசுரம் பெற்றவை திவ்வியதேசங்கள் எனவும் வரிசைப்படுத்தப்பட்டன. திவ்வியதேசங்கள் 108 என்பது வழக்கு. பாடல் பெற்ற தலங்கள் 274 என்பது மரபுக் கணக்கு. திருவிடைவாய்ப் பதிகம் போன்று பின்னாளில் வெளிப்பட்டவற்றைச் சேர்த்து 276 என எண்ணுதலும் உண்டு. திருவிடைவாய்ப் பதிகம் கல்வெட்டிலிருந்து கிடைத்தது என்பது, புதிய சான்று வரும்போது பட்டியல் திருத்தம் பெறும் என்பதைக் காட்டுகிறது. தனிப்பதிகம் பெறாது, பிற பதிகங்களுக்குள் பெயர் சுட்டப்பட்ட ஊர்கள் வைப்புத்தலங்கள் எனத் தனியே வகுக்கப்பட்டன. இன்றைய தற்காலிகப் பட்டியலோடு இதனை முற்றும் ஒப்பிட இயலாதெனினும், அங்கீகாரத்தில் படிநிலை வகுக்கும் எண்ணம் இரண்டிலும் உண்டு.

இவ்விரு மரபுகளுக்கும் இடையே ஆழமான வேறுபாடு ஒன்றும் உள்ளது. பதிகம் கட்டடத்தைச் சார்ந்தன்று. தலத்தையும் அங்கு நிகழும் வழிபாட்டையும் சார்ந்தது. திருநல்லம் முதலிய தலங்களைச் செம்பியன் மாதேவியார் 10ஆம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்தார். மூவர் காலக் கட்டுமானம் மறைந்தபோதும் தலத்தின் தகுதி குறையவில்லை. உலக மரபுப் பட்டியலோ தொடக்கத்தில் கட்டுமானத்தின் தொன்மையையும் மாறாமையையுமே மெய்ம்மையின் அடையாளமாகக் கொண்டது. மரத்தாலும் மண்ணாலும் ஆகி அடிக்கடி புதுப்பிக்கப்படும் ஆசியச் சின்னங்களுக்கு இது பொருந்தாது என்னும் விவாதத்தின் பின்னரே, 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணம் பயன்பாடு, மரபு நுட்பம், உணர்வு ஆகியவற்றையும் மெய்ம்மையின் கூறுகளாக ஏற்றது. பாடல் பெற்ற தலம் என்னும் கருத்தாக்கம் அதே பார்வையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நடைமுறையில் கொண்டிருந்தது.

தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் மூவர் பதிகம் பெற்றவை அல்ல. அக்கோயில்கள் மூவர்க்குப் பிற்பட்டவை. ஒன்பதாம் திருமுறையில் கருவூர்த்தேவரின் திருவிசைப்பா பெற்றவை. கோயில் எழுந்தபின் பாடல் எழுந்தது. அரசனின் பெரும்படைப்பும் பாடலால் ஏற்கப்பட வேண்டியிருந்தது என்பதை இது புலப்படுத்துகிறது.

பெரிய கோயில் கல்வெட்டுகள் காட்டும் கணக்கு

2004ஆம் ஆண்டின் விரிவாக்கத்தில் மூன்று கோயில்களுக்கும் பொதுப்பெயராக அமைந்த ஆங்கிலத் தொடரில் 'வாழும்' என்னும் பொருளுடைய சொல் இடம்பெறுகிறது. வழிபாடு இடையறாது நிகழ்வது என்பதே அதன் கருத்து. தமிழில் அது 'அழியாத சோழர் பெருங்கோயில்கள்' எனப் பரவலாக வழங்குகிறது. அழியாமை கல்லின் பண்பு. வாழ்தல் மனிதரின் செயல். பெயர்ப்பில் நேர்ந்த இச்சிறு மாற்றம், நம் பொதுப்பார்வை எதன்மேல் நிலைகொண்டுள்ளது என்பதைக் காட்டும் குறிப்பாகிறது.

1010இல் நிறைவுற்ற பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறிப்பித்த கல்வெட்டுகள் இவ்விடத்தில் சிறந்த ஒப்பீட்டைத் தருகின்றன. பல தளிச்சேரிகளிலிருந்து கொணர்ந்து குடியமர்த்தப்பட்ட 400 பெண்டுகளின் பெயரும், அவர்கள் வந்த ஊரும், குடியிருந்த தெருவும், வீட்டு வரிசையும் ஒவ்வொன்றாகப் பதிவாகியுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். திருப்பதியம் விண்ணப்பம் செய்யும் பிடாரர் 48 பேர், உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர் என 50 பேர்க்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் விதிக்கப்பட்டுள்ளது. நட்டுவர், இசைக்கருவியாளர், தையற்காரர், கணக்கர் முதலியோரும் பெயரும் பங்கும் பெற்றுள்ளனர்.

விமானத்தின் பெருமையைப் பேரரசன் கல்லில் காட்டினான். ஆனால் கோயில் இயங்குவதற்கு எவரெவர் வேண்டும், அவர்க்கு வாழ்வூதியம் என்ன என்பதையும் அதே கல்லில் வெட்டுவித்தான். இன்றைய சின்ன விவரப் பலகைகளில் விமானத்தின் உயரமும் கட்டிய ஆண்டும் காணப்படும். இன்று அங்குப் பாடுவோர், நாகசுரம் வாசிப்போர் குறித்து ஒரு சொல்லும் இராது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆவணம் மனிதரைக் கணக்கிட்டது. இன்றைய அங்கீகாரம் கல்லைக் கணக்கிடுகிறது.

இந்நிலைக்கு நிருவாகப் பிரிவினையும் ஒரு காரணம். கட்டடப் பாதுகாப்பு இந்தியத் தொல்லியல் துறையிடமும், வழிபாட்டு நிருவாகம் இந்து சமய அறநிலையத் துறை, அரண்மனைத் தேவஸ்தானம் ஆகியவற்றைச் சார்ந்தும், பயணியர் வசதி சுற்றுலாத் துறையிடமும் உள்ளன. பன்னாட்டு அளவிலும் இதே பிளவு உண்டு. இடங்களை 1972ஆம் ஆண்டின் உடன்படிக்கையும், கலைகளையும் வழக்காறுகளையும் 2003ஆம் ஆண்டின் உடன்படிக்கையும் தனித்தனியே ஏற்கின்றன. கேரளக் கோயில்களின் கூத்தம்பலங்களில் நிகழ்ந்த கூடியாட்டம் கலையாக ஏற்கப்பட்டது. தஞ்சைக் கோயில் இடமாக ஏற்கப்பட்டது. கலையும் இடமும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் நிலை எந்தப் பட்டியலிலும் முழுமையாகப் பொருந்துவதில்லை.

பொருளுரைத்தலின் தரம்

பயணி ஓரிடத்திலிருந்து கொண்டுசெல்வது அங்கு அவர் கேட்ட விளக்கத்தையே. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்னும் கூற்று இன்றும் வழிகாட்டிகளால் சொல்லப்படுகிறது. காலையிலும் மாலையிலும் அங்கு நிற்கும் எவரும் நிழலைக் காணலாம். விமான உச்சிக்கல் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்னும் கூற்றும் ஆய்வாளர்களால் மறுக்கப்பட்டுள்ளது. மாமல்லபுரத்தின் ஒற்றைக்கல் தளிகள் பாண்டவர் பெயரால் வழங்குகின்றன; அவற்றுக்கும் பாண்டவர்க்கும் தொடர்பில்லை. அங்குள்ள பெரும் புடைப்புச் சிற்பத் தொகுதி அருச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்னும் விவாதம் நெடியது. பயணிக்கோ ஒரு விடை மட்டுமே கூறப்படுகிறது.

பொய்யான வியப்பு மெய்யான வியப்பை மறைத்துவிடுகிறது என்பதே இதன் இழப்பு. நிழலைத் தேடும் பயணி, கல்வெட்டில் உள்ள 400 பெயர்களைக் காண்பதில்லை. மேல்தளத்தில் 108 கரணங்களுள் 81 மட்டும் செதுக்கப்பட்டு எஞ்சிய இடம் வெறுமையாக நிற்பதும், 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்து வெளிப்படுத்திய சோழர் ஓவியங்கள் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் மறைந்திருந்ததும் புனைவுகளினும் வியப்புக்குரியன. பொதுப் பார்வையாளர் வழக்கமாகச் சென்று காண இயலாத அவ்விடங்களை விளக்கத்தால்தான் காட்ட இயலும். தாராசுரத்தில் அடியார் வரலாறுகளைக் கூறும் சிறு சிற்பங்களைப் பெரியபுராணம் அறிந்த ஒருவரின் துணையின்றி வாசிக்க இயலாது. இங்கே தமிழியல் ஆய்வாளரின் கடமை நேரடியானது. பதிப்பிக்கப்பட்ட கல்வெட்டின் செய்தி நூலகத்திலிருந்து கோயில் முற்றத்தை அடையும் வழியை அமைப்பதும் ஆய்வுப்பணியே.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

மரபாளரைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு அவர்களைக் காட்சிப்படுத்த வேண்டும் என்பது பொருளன்று. திருவரங்கத்தில் பகல்பத்து, இராப்பத்து நாள்களில் நிகழும் அரையர் சேவை வழிபாட்டின் பகுதி. மேடை நிகழ்ச்சி அன்று. அதனைப் பயணியர் நேரத்துக்கேற்பச் சுருக்கினால் எஞ்சுவது வேறொன்றாகிவிடும். பண்பாட்டுச் சுற்றுலா குறித்து 1999இலும் 2022இலும் இகோமாஸ் அமைப்பு ஏற்ற சாசனங்களும் உள்ளூர்ச் சமூகத்தின் உரிமையை வலியுறுத்துகின்றன. காட்ட மறுக்கும் உரிமையும் அதனுள் அடங்க வேண்டும்.

பழைய அமைப்பைக் குறையற்றதாகக் கருதுதலும் தகாது. தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர் கல்லில் உள்ளது. அவர்களது விருப்பம் கல்லில் இல்லை. அவர்கள் அரசாணையால் இடம்பெயர்க்கப்பட்டவர்கள். 'வாழும் கோயில்' யாருக்காக வாழ்ந்தது என்னும் வினாவும் தவிர்க்க இயலாதது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939 சூலை 8 அன்று ஒடுக்கப்பட்டோர் நுழைந்ததும், அவ்வாண்டே சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்கான சட்டம் வந்ததும் மிக அண்மைய வரலாறு. மரபின் சிறப்பை ஏற்கும் அறிக்கை அதன் விலக்கல்களையும் மறையாது கூறுமாயின், அவ்வேற்பு நம்பகத்தன்மை பெறும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. உலக மரபுப் பட்டியல் சின்னத்தின் மதிப்பையும், பாதுகாப்பு விருது பணியின் தரத்தையும், புவிசார் குறியீடு பொருளின் பிறப்பிடத்தையும் ஏற்கின்றன. இவற்றை ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது. வருகையாளர் எண்ணிக்கை இவற்றுள் எதற்கும் மாற்றாகாது.

2. ஆற்றுப்படை வழியையும் வழியிலுள்ள மக்களையும் மதிப்பீட்டில் சேர்த்தது. பாடல் பெற்ற தலம் என்னும் வகைமை கட்டடத்தினும் தொடர்ச்சியான வழிபாட்டையே முதன்மையாகக் கொண்டது. இன்றைய மெய்ம்மை விவாதங்களுக்கு இவை தமிழ் மரபு வழங்கும் கருத்தியல் பங்களிப்பாகும்.

3. மரபாளர் பெயரும் வாழ்வூதியமும் சின்னத்தோடு சேர்த்துப் பதிவுசெய்யத்தக்கன என்பதற்குப் பெரிய கோயில் கல்வெட்டுகள் முன்னோடிச் சான்றாகின்றன.

4. பண்பாட்டுச் சுற்றுலாவில் ஓரிடத்தைச் சிறந்ததென ஏற்குமுன், பேணுதலின் தரம், பொருளுரையின் உண்மை, மரபாளர் வாழ்வு, ஊரார் ஒப்புதல், அனைவர்க்கும் உரிய அணுக்கம் ஆகிய ஐந்தும் ஒருங்கே ஆராயப்படல் வேண்டும்.

இவற்றுள் பொருளுரையின் உண்மை தமிழ்த் துறைகளின் நேரடிப் பொறுப்பில் உள்ளது. பெரிய கோயிலில் இன்று பணிபுரியும் ஓதுவார், இசைக்கலைஞர், கைவினைஞர் ஆகியோரின் பெயரும் ஊரும் மரபும் அவர்களது ஒப்புதலோடு முறையாகத் தொகுக்கப்படுமாயின், அது இராசராசன் கல்வெட்டின் இக்காலத் தொடர்ச்சியாக அமையும். அத்தொகுப்பு இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.